காருக்கு அடியில என்ன கலர்?

ஃபோர்டு மஸ்டாங் தெரியும்ல பாஸ்? 1964 ஏப்ரலில் அமெரிக்காவில் இறங்கி, இளசுகளைக் கிறங்கடித்த கார்! அறுபதுகளின் மஸ்டாங்கைப் புதுசு மாதிரி மீட்டெடுக்கிறவர்கள் மேல் பெயின்ட்டுக்குப் பெருசா அலட்டிக்கிறதில்லை. அதோட கோட் நம்பர் கதவுத் தகட்டிலேயே இருக்கு. தலைவலி தருவது அடிப்பாகத்து ப்ரைமர்தான்!

அதுக்கு கோடும் கிடையாது, ஒரே கலரும் கிடையாது. டியர்பார்ன், சான் ஹோசே, மெட்டச்சன்னு மூணு ஊர்ல ஃபேக்டரி. ஒரு காரில் செங்காவி (இரும்பு ஆக்ஸைடு... அதாவது துருவோட கலரேதான்!), இன்னொன்றில் சாம்பல். மிச்சம்மீதி பெயின்ட்டைக் கலந்து அடிச்சதும் உண்டு. 'யாரு குனிஞ்சு பார்க்கப் போறா'ங்கிற நினைப்புதான்! ஆனா, இன்னிக்கு க்ளாசிக் கார் போட்டிகளில் ஜட்ஜுங்க குனிஞ்சு பார்க்கிறாங்களே!

வண்டி நம்பரின் ரெண்டாவது எழுத்து ஃபேக்டரியைச் சொல்லிடும். 'எஃப்'னா டியர்பார்ன், 'ஆர்'னா சான் ஹோசே, 'டி'னா மெட்டச்சன். அது பாதி விடைதான். ஒரே ஃபேக்டரியிலேயே கலர் மாறும். மீதி விடை உங்க காருக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. அதனால, மணலைப் பீய்ச்சித் துருவைச் சுரண்டும் முன்னாடி கொஞ்சம் பொறுங்க. சுரண்டிட்டா சாட்சி போச்சு! போல்ட் போட்ட பிராக்கெட்டைக் கழற்றுங்க, இணைப்புகள்ல பூசின சீலரை மெதுவா உரிங்க. வெயிலும் சேறும் படாத ஒரிஜினல் ப்ரைமர் அங்கே பத்திரமா இருக்கும். போட்டோ எடுத்துட்டு, அந்தத் துண்டைப் பெயின்ட் கடையில் கம்ப்யூட்டர் மேட்சிங்குக்குக் கொடுங்க. வந்த பெயின்ட்டை நேரா காரில் அடிச்சிடாதீங்க. ஒரு தகரத்தில் அடிச்சு, நல்லா காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தா வேற கலர்!