சாக்கடைக்குள் புகும் ஊற்று

நிலத்தடி நீர் இறங்குவதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம், கவலைப்படுகிறோம். ஐந்நூறு அடி ஆழ்துளை போட்டும் தண்ணீர் காணாத ஊர்க்காரரிடம், நீர்மட்டம் ஏறியதால் ஓர் ஊர் தவிக்கிறது என்று சொன்னால் எளிதில் நம்பமாட்டார். தென் இங்கிலாந்தில் அப்படித் தவிக்கும் கிராமங்கள் பல. பெர்க்‌ஷயரின் லாம்போர்ன், பாங் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும், ஹாம்ப்‌ஷயரில் ஆண்டோவர் அருகே பில்ஹில் ஓடை பாயும் ஊர்களிலும், கென்ட்டில் நெயில்போர்ன் ஓடைக்கரையிலும் மழை மிகுந்த குளிர்காலம் வந்தால் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் தெருவில் பொங்கும். அதை உறிஞ்சி எடுத்துப்போக லாரிகள் இரவும் பகலும் வந்து நிற்கும். ஆற்று வெள்ளம் பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும். இதுவோ வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் நீடிக்கும். இதை இயற்கைச் சீற்றம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். மழை இயற்கைதான். ஆனால் அந்த மழைநீர் சாக்கடைக் குழாய்க்குள் புகுவது குழாயின் பழுது. அளக்கக்கூடிய, சரிசெய்யக்கூடிய பழுது. அதை அளந்து காட்டும் வேலையில் அந்தந்த ஊர் மக்களின் பங்கு எந்த அதிகாரியின் பங்குக்கும் குறைந்ததல்ல.

முதலில் பாறையைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பள்ளத்தாக்குகளின் அடியில் இருப்பது வெண்சுண்ணப் பாறை. அதன் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை நுண்துளைகள்தான். ஆனால் அவை மிகமிக நுண்ணியவை என்பதால் தம்முள் இருக்கும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீர் ஏறி இறங்கும் இடம் பாறையின் வெடிப்புகளும் கீறல்களும்தான், அவை மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே. இதன் விளைவு வியப்பானது: 10 மில்லிமீட்டர் மழை மண்ணைக் கடந்து பாறைக்குள் இறங்கினால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்துவிடும். குன்றுகளின் அடியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே இருபது, முப்பது மீட்டர் வேறுபாடு வருவதுண்டு. கோடை முழுதும் வறண்டு கிடக்கும் ஓடைத்தடத்தில் குளிர்காலம் வந்ததும் ஊற்று கிளம்பி ஆறாக ஓடுவதும் இதனால்தான். ஊர்கள் அந்த ஓடைகளின் கரையில்தான் வளர்ந்தன. கழிவுநீர் தானாகவே வழிந்தோட வேண்டும் என்பதால் குழாய்களும் பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடத்தில், ஓடையை ஒட்டியே பதிக்கப்பட்டன. ஆக, நீர்மட்டம் ஏறும்போது முதலில் முழுகுவது சாக்கடைக் குழாய்தான்.

கிராமங்களுக்குக் குடிநீரும் சாக்கடையும் அமைக்க அரசு மானியம் தர வழிசெய்த சட்டம் அங்கே 1944இல் வந்தது. அதன்பின் பதித்த குழாய்களில் பெரும்பகுதி சுட்ட களிமண் குழாய்கள், சிறு சிறு துண்டுகளாக இணைக்கப்பட்டவை. அத்தனை இணைப்புகளில் சில மண் அமர்ந்து விலகியிருக்கும், சிலவற்றில் மரவேர் நுழைந்திருக்கும். செங்கல் கட்டிய பழைய மேன்ஹோல் சுவர்களும் கசியும். நீர்மட்டம் குழாய்க்குக் கீழே இருக்கும்வரை இந்த ஓட்டைகளால் யாருக்கும் தொல்லை தெரியாது. மேலே ஏறிவிட்டால் ஒவ்வோர் ஓட்டையும் ஓர் ஊற்றாகிவிடும். கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒருவர் ஒரு நாளில் பயன்படுத்தும் தண்ணீர் சுமார் 140 லிட்டர். ஓர் ஊரின் குழாய்கள் முழுவதிலும் சேர்த்து நொடிக்கு ஒரே ஒரு லிட்டர் கசிந்து உள்ளே வந்தால் நாளுக்கு 86,400 லிட்டர். அதாவது அறுநூறு பேரின் கழிவுநீருக்குச் சமம். நானூறு பேர் வாழும் ஊரில் மேலும் அறுநூறு பேர் கண்ணுக்குத் தெரியாமல் குடியேறிவிட்டதுபோல ஆகிறது. கழிவுநீரேற்று நிலையத்தின் பம்புகள் நானூறு பேரை எண்ணி வைத்தவை. 18,000 லிட்டர் கொள்ளும் லாரி நாளுக்கு ஐந்து நடை போனால்தான் அந்த ஒரு லிட்டர் கசிவை ஈடுகட்ட முடியும். அதுவும் அத்தனையும் நல்ல ஊற்றுநீர். சாக்கடையோடு கலந்துவிட்ட ஒரே குற்றத்துக்காக லாரி ஏறிப் போகிறது.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் ஆண்டாண்டுக்கும் தீராமல் கிடக்கிறது? பொறுப்பு துண்டுதுண்டாகக் கிடப்பதுதான் காரணம். பொதுச் சாக்கடை, 1989இல் தனியார்மயமான நீர் நிறுவனத்தின் சொத்து. சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறைக்கு. நிலத்தடி நீரும் சிற்றோடைகளும் எழுப்பும் வெள்ள அபாயத்தை, 2010ஆம் ஆண்டின் வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டப்படி, உள்ளாட்சி மன்றம் கவனிக்க வேண்டும். பெரிய ஆறுகள் சுற்றுச்சூழல் முகமைக்கு. வாய்க்காலைத் தூர்வாருவது அதையொட்டி நிலம் வைத்திருப்பவருக்கு. வீட்டு எல்லைக்குள் ஓடும் குழாய் வீட்டுக்காரருக்கு. எல்லைக்கு வெளியே போகும் வீட்டு இணைப்புகள்கூட 2011 அக்டோபரில்தான் நிறுவனங்களின் கைக்குப் போயின. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. வயலில் தேங்கியது சாலைக்கும், சாலையிலிருந்து மேன்ஹோலுக்கும், அங்கிருந்து ஒருவர் வீட்டுக் குளியலறைக்கும் போகிறது. ஒவ்வொரு துறையும் தன் பங்கு இவ்வளவுதான் என்று சொல்லும்போது பொய் சொல்வதில்லை. முழுப் பாதையும் அதன் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பாதையை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே.

பாங் பள்ளத்தாக்கிலும் லாம்போர்னிலும் ஊர்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த வெள்ளக் குழுக்களின் அருமை இங்குதான். நீர் நிறுவனமான தேம்ஸ் வாட்டர், மேற்கு பெர்க்‌ஷயர் மன்றம், சுற்றுச்சூழல் முகமை ஆகியவற்றின் ஆட்களை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே வரைபடத்தைக் காட்டிப் பேச ஊர்க் குழுவால் முடிகிறது. 2002இல் தொடங்கிய தேசிய வெள்ள மன்றம் என்ற அறக்கட்டளை இத்தகைய குழுக்கள் உருவாக நாடெங்கும் துணைசெய்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் குழுக்களின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் மணல்மூட்டையோ ஆர்ப்பாட்டமோ அல்ல, குறிப்பேடுதான். எந்தத் தேதியில் எந்த மேன்ஹோல் பொங்கியது, அன்று பக்கத்துக் கிணற்றில் நீர் எவ்வளவு உயரம் இருந்தது, மழை நின்று எத்தனை நாள் ஆனது என்று எழுதிவைத்தால், “மழை பெய்தது, பொங்கியது” என்ற பொத்தாம்பொதுவான பேச்சுக்கு இடமில்லை. மழை நின்று மூன்று வாரம் ஆன பிறகும் பொங்கினால் அது கூரைத் தண்ணீர் அல்ல, ஊற்றுநீர் என்பது உறுதி. அதிகாலை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஊரே தூங்கும்போது குழாயில் ஓடுவது கிட்டத்தட்ட முழுவதும் கசிவுதான்; அந்த நேரத்து ஓட்டத்தை அளக்கச் சொல்லி நிறுவனத்தைக் கேட்பவர் சரியான கேள்வியைக் கேட்கிறார். கேமரா விட்டுக் குழாயைச் சோதிப்பதிலும் காலம் முக்கியம். கோடையில் பார்த்தால் ஓட்டை காய்ந்து கிடக்கும், கசிவு தென்படாது. நீர்மட்டம் உச்சத்தில் இருக்கையில் குழாய் நிரம்பியிருக்கும், கேமரா நுழையாது. முதலில் பம்பு வைத்து இறைத்தாக வேண்டும். சரியான வாரம் எது என்று கிணற்றைப் பார்த்துச் சொல்ல உள்ளூர்க்காரரைவிடத் தகுந்தவர் யார்?

இன்னொரு வேலை அண்டைவீட்டாரால் மட்டுமே ஆகக்கூடியது. நிலவறையில் ஊறிய தண்ணீரைப் பம்பு வைத்துச் சாக்கடையில் விடுகிறவர் ஒருவர். தெருவில் தேங்கியது வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் தூக்கிவைக்கிறவர் இன்னொருவர். இருவருடைய வீடும் காயும். தாழ்வான இடத்து வீட்டுக்குள் கழிவுநீர் ஏறும். அதிகாரி நோட்டீஸ் கொடுத்து இதை நிறுத்த முடியாது. கீழ்வீட்டுப் பெண்மணி வந்து நிலைமையைச் சொன்னால் பெரும்பாலானோர் கேட்பார்கள்.

இது அபூர்வமான மழையால் வருவது, அதற்காகக் குழாய்களையெல்லாம் மாற்ற முடியுமா என்று ஒரு மறுப்பு உண்டு. மேற்கு சஸெக்ஸில் சில்குரோவ் என்ற இடத்துக் கிணற்றில் 1836 முதல் நீர்மட்டம் அளந்து வருகிறார்கள். உலகிலேயே மிக நீண்ட தொடர் பதிவுகளில் ஒன்று. அந்தக் கிணறு 1994 ஜனவரியில் பொங்கி வழிந்தது. அதே மாதம் அருகிலுள்ள சிச்செஸ்டர் நகரம் வெள்ளத்தில் மிதந்தது. அதன்பின் 2000-01, பிறகு 2013-14, பிறகு 2023-24 என்று சுண்ணப்பாறை ஊர்கள் மீண்டும் மீண்டும் அவதிப்பட்டன. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான பதினெட்டு மாதங்களில் இங்கிலாந்தில் பெய்த மழை, 1836இல் தொடங்கிய பதிவுகளில் வேறெந்தப் பதினெட்டு மாதத்தையும் மிஞ்சியது. ஒரு தலைமுறைக்குள் நான்கு முறை வந்ததை அபூர்வம் என்று சொல்வது பொருந்தாது. மேலும் நிலத்தடி நீர் மெல்ல ஏறுவதால் பல வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கை தருகிறது. முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு ஆயத்தமாகாததற்கு வானிலையைக் காரணம் காட்டக் கூடாது.

கட்டணம் வாங்குகிற நிறுவனத்தின் வேலையை மக்கள் ஏன் இலவசமாகச் செய்ய வேண்டும் என்ற கேள்வி இன்னும் நியாயமானது. 1991ஆம் ஆண்டு நீர்த் தொழில் சட்டத்தின் 94ஆம் பிரிவு, தன் பகுதியின் கழிவுநீர் முறையாக வடியும்படி குழாய்களை அமைத்துப் பராமரிக்கும் கடமையை நிறுவனத்தின் மீதே சுமத்துகிறது. ஆனால் அந்தக் கடமை தவறியதற்காகப் பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது, கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்வாட் மூலம்தான் போக வேண்டும் என்று தேம்ஸ் வாட்டர் தொடர்பான வழக்கில் அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2003இல் தீர்ப்பளித்தது. ஆஃப்வாட் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செலவுத் திட்டங்களைப் பரிசீலிக்கிறது. அந்தத் திட்டத்தில் இடம்பெற ஆதாரம் வேண்டும். நிறுவனத்தின் சொந்தக் கணக்கை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2010 முதல் 2015 வரை ஆயிரக்கணக்கான முறை சட்டவிரோதமாகக் கழிவுநீரைத் திறந்துவிட்ட குற்றத்துக்காக சதர்ன் வாட்டர் என்ற நீர் நிறுவனத்துக்கு 2021இல் 9 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மக்கள் வைக்கும் குறிப்பு நிறுவனத்தின் கடமையைத் தம் தோளில் ஏற்பதல்ல, அந்தக் கடமையிலிருந்து அது நழுவாமல் பிடித்துவைப்பது.

ஊருக்குச் சில பத்து வீடுகளுக்காக இத்தனை செலவா என்றும் கேட்கிறார்கள். லாரிகள் தாங்காதபோது நிறுவனங்கள் செய்வது, நீர்த்த கழிவுநீரை வடிகட்டி ஓடைக்குள் இறைத்துவிடுவது. உலகில் இத்தகைய சுண்ணப்பாறை ஓடைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு; அவற்றில் பெரும்பங்கு இங்கிலாந்தில்தான் இருக்கிறது. பில்ஹில் ஓடையில் விட்டது ஆண்டன் ஆற்றின் வழியே, மீன்வளத்துக்குப் பேர்போன டெஸ்ட் ஆற்றுக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே கசிவை அடைப்பதால் பயன்பெறுவோர் அந்தச் சில வீட்டார் மட்டுமல்லர்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் பொறியாளர்களுடையது: குழாயின் ஓட்டைகளை அடைத்தால் தண்ணீர் மறைந்துவிடுமா? மறையாது. இதுவரை சாக்கடை அறியாமல் வடிகாலாகவும் வேலை செய்துவந்தது. அதன் ஓட்டைகளை அடைத்ததும் சுற்றியுள்ள நீர்மட்டம் இன்னும் சற்று ஏறி, அடுத்த ஓட்டையைத் தேடும். பெரும்பாலும் அது தனி வீட்டு இணைப்பாக இருக்கும். தெருக் குழாய்க்கு உள்ளே புதிய உறை போர்த்தி, மேன்ஹோல் சுவர்களைப் பூசி முடித்த பிறகும் கசிவு எதிர்பார்த்த அளவு குறையாமல் போவதற்கு இதுவே காரணம். ஆனால் இது அடைக்காமல் விடுவதற்கான வாதம் அல்ல, பாதியோடு நிறுத்தக் கூடாது என்பதற்கான வாதம். இரண்டு திரவங்களை அடுத்தடுத்து நிரப்பி, அவை ஓட்டைகள் வழியே வெளியேறி மண்ணோடு சேர்ந்து இறுகும்படி செய்யும் முறை இப்போது உண்டு; அது தெருக் குழாயிலும் வீட்டு இணைப்பிலும் மேன்ஹோலிலும் உள்ள கசிவை ஒருசேர அடைக்கிறது. ஓடையும் வாய்க்காலும் தூர்வாரி இருந்தால் ஏறும் நீருக்கு நியாயமான வழி கிடைக்கும். தன் வீட்டு எல்லைக்குள் இருக்கும் உடைந்த குழாயை மாற்றாமல் நிறுவனத்தைக் குறைசொல்பவரிடம் ஊர்க் குழு அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்றில் மட்டும் இந்த ஊர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழுதுபார்த்த அடுத்த ஆண்டு மழை குறைந்து, சாக்கடை பொங்காமல் இருந்தால் வேலை வெற்றி என்று அறிவித்துவிட ஆசை எழும். வறண்ட ஆண்டு எதையும் நிரூபிக்காது. கிணற்றில் நீர் மறுபடி 2014ஆம் ஆண்டின் உயரத்தைத் தொடும் குளிர்காலத்தில், அதிகாலை மூன்று மணிக்குக் குழாயில் ஓடும் நீர் கோடையில் ஓடும் அளவுக்கு அருகில் இருந்தால்தான் குழாயின் கசிவு அடைபட்டது என்று பொருள். அந்தச் சோதனை முடியும்வரை எந்த ஊரின் கோப்பையும் மூடக் கூடாது.