பெங்களூரை அளந்த கோடு

ஏப்ரல் 1799. ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்ட ஆங்கிலேயப் படையின் ஒரு பிரிவு இருட்டில் நடந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்த வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி, படை தெற்கே போகாமல் வடக்கே, திப்புவின் படை இருக்கும் பக்கமாகவே போவதாக எச்சரித்தார். ஜெனரல் பேர்டு நம்பவில்லை. பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது லாம்ப்டன் சொன்னதுதான் சரி.

மே 4-ல் திப்பு வீழ்ந்தார். மைசூர் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. நம்பகமான வரைபடம்தான் இல்லை. பீரங்கி வண்டி எந்தப் பாதையில் போகும், கோட்டை எங்கே, ஊர்கள் எத்தனை என்று விவரம் சேகரிக்கும் பொறுப்பு காலின் மெக்கன்சிக்கு. (அவர் கூடவே திரட்டிய சுவடிகளில் பெரும் பகுதி சென்னையில் இருக்கிறது.) லாம்ப்டனின் கனவு வேறு: தென்னிந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பிணைப்பது.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்த முதல் பக்கத்தைத் தரையில் அளந்தே ஆக வேண்டும். 1800-ல் பெங்களூருக்கு வெளியே, அகரத்துக்கும் பாணசவாடிக்கும் இடையே அந்த ஒத்திகை நடந்தது. நூறடி எஃகுச் சங்கிலி, அதைத் தாங்க மரப்பெட்டிகள், வெயிலில் எஃகு நீள்வதைக் கணக்கில் சேர்க்க வெப்பமானிகள். சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்கென்று பிரிட்டன் அனுப்பி, அவர் வேண்டாமென்று ஒதுக்கிய பொருள் அது!

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அசல் அளவை தொடங்கி, முக்கோணங்கள் மேற்கே நகர்ந்தன. 1804-ல் பெங்களூரில் மீண்டும் ஒரு கோட்டைத் தரையில் அளந்தார் லெப்டினென்ட் வாரன் (கோலாரில் தங்கம் இருப்பதை விசாரித்து எழுதியவரும் இவரே). சென்னையிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் அதற்கும் வித்தியாசம், சுமார் ஏழு மைலில் 3.7 அங்குலம்.

பின்னால் வருபவர்கள் சரிபார்க்க வேண்டுமானால் கோட்டின் முனைகள் தொலையக்கூடாது. 1868-ல் சங்கிலிக்குப் பதில் இரும்பும் பித்தளையும் சேர்ந்த சட்டங்களைக் கொண்டு பெங்களூரில் புதிய கோடு அளக்கப்பட்டது. அதன் ஒரு முனையில், கண்ணூர் கிராமத்தில், எழுந்தது ஒரு சிறு கண்காணிப்புக் கட்டடம். நகரம் ஹென்னூர் சாலை வழியே கண்ணூரை எட்டி, நிலம் சதுர அடிக் கணக்கில் கைமாறிய பிறகும் அது நின்றது. வரலாற்று ஆர்வலர்கள் அதைக் காக்கச் சொல்லி வந்தார்கள். 2024-ல் அங்கே கிடந்தது இடிபாடுகள் மட்டுமே.