ஐயாயிரம் ரூபாயில் யார் யார் விளையாடலாம்?

ஜூனில் பள்ளி திறக்கும்போது தென்காசிப் பக்கம் சாரலும் தொடங்கிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் அருவியைக் கொட்ட வைக்கிறது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் குளிக்க வருகிறார்கள். நம் பள்ளி மைதானமோ செப்டம்பர் வரை சேறும் ஈரமுமாகக் கிடக்கிறது. விளையாட்டுப் பாடவேளையில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். மழை விட்ட நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் மட்டையோடு இறங்குவார்கள். மற்றவர்கள் வராண்டாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் கால் வலுவில்லாத மாணவன் ஒருவன் இருந்தான். மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவனுக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு எங்களுக்கு இருந்தது. மூன்று ஆண்டுகள் அப்படியே போயின.

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கென ஆண்டு விளையாட்டு நிதி உண்டு: தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை. கேலோ இந்தியா பள்ளி விளையாட்டில் தேசிய அளவில் ஒரே பள்ளியின் 2 மாணவர்களாவது பதக்கம் வென்றால் கூடுதலாக 25,000 ரூபாய் வரை பெறவும் வழியிருக்கிறது. அந்தக் கூடுதல் தொகை வெல்பவர்களுக்கு. அடிப்படைத் தொகை எல்லாப் பிள்ளைகளுக்குமானது. ஆனால் அதையும் வெல்பவர்களுக்காகவே செலவிடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது.

தொடக்கப் பள்ளியில் இந்தப் பொறுப்பு வகுப்பாசிரியர் தலையில்தான் விழுகிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கென்று பகுதிநேரப் பயிற்றுநரை அது சொல்வது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே. ஆகவே என்ன வாங்குவது என்பதை முடிவு செய்கிறவர், பெரும்பாலும் விளையாட்டில் பயிற்சி பெறாத நம்மைப் போன்ற ஒருவர்தான். கடைக்காரர் கட்டித் தரும் பையை அப்படியே வாங்கி வந்துவிடுகிறோம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் உடல் உழைப்பு தரும் செயலில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதத்தினர் அந்த அளவை எட்டவில்லை. சிறுவர்களில் 78, சிறுமிகளில் 85. இந்தியச் சிறுமிகளின் நிலை சற்று மேலாகத் தெரிந்தது. அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று வீட்டு வேலை. குடம் தூக்கியதும் வாசல் பெருக்கியதும் கணக்கில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்! மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் நாயகி வசந்தவல்லி பந்தாடுவாள். அதே ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எனவே பட்டியல் போடும் முன் செய்யவேண்டியது ஒரு வாரக் கணக்கெடுப்பு. விளையாட்டுப் பாடவேளையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன் என்று குறித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 300 முதல் 15,000 பவுண்டு வரை சிறு நிதி வழங்கும் ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பும், இதுவரை விளையாட வாய்ப்புக் கிடைக்காதவர்களைச் சேர்க்கும் திட்டங்களுக்கே முன்னுரிமை தருகிறது. நம் பெயர்ப் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைத்தால் பேச்சே மாறிவிடும். கிரிக்கெட் செட் ஒன்றின் இடத்தில் ஸ்கிப்பிங் கயிறு, டென்னிகாய்ட் வளையம், மென்பந்து என்று வாங்கினால், ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதும் கையில் ஏதாவது வைத்திருக்கும். சாரல் காலத்துக்கு வராண்டாவே போதும்.

வராண்டாவுக்கு ஏற்ற விளையாட்டாக நான் சொல்ல விரும்புவது போச்சியா. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் எறிந்துவிட்டு, இரு தரப்பும் தலா ஆறு சிவப்பு, ஆறு நீலப் பந்துகளை அதன் அருகே சேர்க்கப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தபடியே ஆடலாம். எறியலாம், உருட்டலாம், காலால் தள்ளலாம். கையும் காலும் ஒத்துழைக்காதவர் சரிவுப் பலகை வழியே உருட்டலாம். முறையான களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். நமக்கு வராண்டாவின் அகலமே போதும். பழைய துணியில் உருண்டையாகப் பை தைத்து மணல் நிரப்பினால் பந்து, பி.வி.சி. குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்தால் சரிவுப் பலகை. குறி பார்க்கும் விளையாட்டு என்பதால் ஓடத் தெரிந்தவனுக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. செருப்புக்குக் காவலிருந்த அந்த மாணவன் எட்டாம் வகுப்பு முடித்துப் போன பிறகே இதைப் பற்றி நான் அறிந்துகொண்டேன்.

எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதில் ஐயம் இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்கலாம். நம் மாவட்டத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அதைத் தொடங்கினார். முதலில் அது சிறு பிள்ளைகளுக்கான பள்ளிதான்.

ஓர் அச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். தணிக்கையில் கேட்பார்களே என்று புதுப் பந்தைப் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் பூட்டி வைக்கிறோம். விளையாட்டுப் பொருள் தேயும், கிழியும். வாங்கியதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பழுதானதைக் குழுவின் தீர்மானத்தோடு உரிய முறையில் கழியுங்கள்.

மைதானத்தைச் சமன் செய்வது, சுற்றுச்சுவர் எழுப்புவது போன்றவை ஐயாயிரத்தில் ஆகாது. அதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் பள்ளியின் தேவையைப் பதியலாம். முன்னாள் மாணவர்கள் அங்கிருந்து உதவ முடியும். ஊர் மக்கள் ஒரு பங்கு போடத் தயாரென்றால் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுடையதாக இருக்க வேண்டும். மதிப்பீடு, வசூல், ஒப்புதல் என்று மாதங்கள் ஓடும். நம் பக்கம் ஐப்பசியில் மறுபடி மழை. ஆகஸ்டிலேயே மனுவைக் கொடுத்துவிட்டால், தை பிறந்து மண் காயும்போது வேலையைத் தொடங்கலாம்.