மின்பலகையைச் சோதிக்கும் 'போலி'ச் சூரியன்



வாய்மொழித் தேர்வின் காணொளியில் சூரிய மின்பலகை வந்துவிட்டால் பலரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "சூரிய சக்தி சுற்றுச்சூழலுக்கு நல்லது, செலவு மிச்சமாகும், அனைவரும் பயன்படுத்த வேண்டும்." தப்பு ஒன்றும் இல்லை. ஆனா அதற்கு மேல் பேச்சு நகராது. விஷயம் கையில் இல்லாததால்தான் அப்படி. எனவே இந்த முறை ஒரே ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்: மின்பலகையின் பின்புறம் ஒட்டியிருக்கும் "400 வாட்" என்ற எண்.

அந்த 400 எங்கிருந்து வந்தது? எந்த வெயிலில் அளந்தார்கள்?

சிராங்கூன் சாலையில் நகை வாங்கப் போனால் 916 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். தங்கத்தை உரசிப் பார்க்க உரைகல் உண்டு. மின்பலகைக்கு உரைகல் வெயில்தான். சிக்கல் என்னன்னா, இந்த உரைகல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தேக்கா நிலையத்தின் வாசலில் சுள்ளென்று அடிக்கும் வெயில், நீங்கள் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் மேகத்துக்குப் பின்னால் போயிருக்கும். அப்படின்னா முதலில் அளந்த பலகை உசத்தி, அடுத்து அளந்தது மட்டம் என்று சொல்ல முடியுமா?

அதனால் உலகம் முழுவதும் ஒரே 'வினாத்தாள்' வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1,000 வாட் ஒளி விழ வேண்டும். பலகையில் உள்ள மின்கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஒளியில் கலந்துள்ள நிறங்களின் விகிதம், காற்று மண்டலத்தை ஒன்றரை மடங்கு தூரம் கடந்து வரும் வெயிலின் விகிதமாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனைதான் பலரைக் குழப்பும். சூரியன் உச்சந்தலைக்கு நேரே நின்றால் ஒளி காற்று மண்டலத்தை மிகக் குறுகிய வழியில் கடக்கிறது; அதை ஒரு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் சாய்ந்து, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 42 பாகை உயரத்தில் நிற்கும்போது அந்தத் தூரம் ஒன்றரை மடங்கு ஆகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் நாடுகளை மனத்தில் வைத்துத் தேர்ந்த அளவு இது. நம்மூரிலோ மார்ச், செப்டம்பர் மாதங்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும்.

இந்த மூன்றும் ஒன்றாக அமையும் வெயில் வெளியே கிடைப்பது அபூர்வம். ஆகவே தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு சூரியனைச் செய்துகொள்கிறார்கள். 2010இல் துவாஸில் திறக்கப்பட்ட ஆர்இசி ஆலை போன்ற இடங்களில் பலகை உருவாகி, சட்டமும் மின்பெட்டியும் பொருத்தப்பட்டபின், கடைசிக் கட்டத்தில் ஓர் இருட்டறைக்குள் நுழைகிறது. பளிச்! ஒரு மின்னல். அவ்வளவுதான், சோதனை முடிந்தது. பெரும்பாலும் ஒரு நொடியில் நூறில் சில பங்குதான் அந்த வெளிச்சம் நீடிக்கும். அதற்குள் கருவி, பலகையின் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று குறித்துவிடும். இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் மிக அதிகமான விடைதான் பலகையின் திறன். பின்னால் ஒட்டப்படும் எண்ணுக்கு அதுவே அடிப்படை.

ஏன் இத்தனை அவசரம்? விளக்கை எரியவிட்டால் பலகை சூடாகிவிடும். சூடானால் 25 பாகை என்ற நிபந்தனை போய்விடும். தவிர, வரிசையில் அடுத்தடுத்த பலகைகள் காத்திருக்கின்றன.

நெடுங்காலமாக இதற்கு செனான் வாயு விளக்குதான். அதன் ஒளி வெயிலுக்கு நெருக்கமானது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வடிகட்டி போட்டு அடக்க வேண்டும். இப்போது பல நிற எல்இடி விளக்குகளைச் சேர்த்து அதே கலவையைக் கொண்டுவருகிறார்கள். எல்இடியால் ஒளியை நீண்ட நேரம் ஒரே அளவில் பிடித்து வைக்கவும் முடியும். சில புதிய வகை மின்கலங்கள் ஒளிக்கு நிதானமாகத்தான் பதில் சொல்லும். அவற்றுக்கு மின்னல் வேகம் ஒத்துவராது.

அந்தப் போலிச் சூரியனையும் யாராவது சோதிக்க வேண்டுமே? அதற்கும் அனைத்துலகத் தரம் உண்டு. நிறக் கலவை சரியா, பலகையின் மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவு ஒளி விழுகிறதா, அளக்கும் நேரம் முழுவதும் ஒளி ஆடாமல் நிற்கிறதா என்று மூன்று கேள்விகள். விடைக்கேற்ப ஏ, பி, சி என்று தரம் கிடைக்கும். ஏ தரம் வேண்டுமென்றால், பலகையின் பரப்பில் ஒளியின் ஏற்றத்தாழ்வு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஒளி மொத்தத்தில் 1,000 வாட்தானா என்று பார்க்க, ஏற்கெனவே துல்லியமாக அளவிடப்பட்ட ஒரு மின்கலத்தை வைத்துச் சரிபார்க்கிறார்கள். உரைகல்லுக்கே ஓர் உரைகல்!

இத்தனை கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். பலகைகளை 400, 405, 410 என்று 5 வாட் இடைவெளியில் பிரித்து விற்கிறார்கள். விளக்கு ஒரு விழுக்காடு ஏமாற்றினால் 4 வாட் பிசகும். பலகை வேறு வகுப்புக்கே போய்விடலாம். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட மிதக்கும் பண்ணையில் ஏறத்தாழ 122,000 பலகைகள். அதில் ஒரு விழுக்காடு என்றால் 1,220 பலகைகளுக்குக் காசு கொடுத்தும் அவை இல்லாத கணக்கு.

இனி நம்மூர் விஷயம். வீவக கூரையில் நல்ல வெயிலில் கிடக்கும் பலகையின் வெப்பநிலை 55 பாகையைத் தொடுவது சாதாரணம். ஒரு பாகை கூடினால் திறன் 0.35 விழுக்காடு குறையும் என்று வைத்துக்கொண்டால், 30 பாகைக்கு 10.5 விழுக்காடு. அப்போது 400 வாட் பலகை, முழு வெயிலிலும், சுமார் 358 வாட்தான் தரும். இதைத் தயாரிப்பாளரின் பொய் என்று சொல்லக்கூடாது. அதே சமயம், 400 என்பது கூரையில் கிடைக்கும் மின்சாரத்துக்கான வாக்குறுதியும் இல்லை. ஒரு பலகையை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கான மதிப்பெண். நம் வெயிலிலும் மழையிலும் பலகைகள் எப்படி உழைக்கின்றன என்பது தனி ஆய்வு. 2008 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சூரிய எரிசக்தி ஆய்வுக் கழகம் அதில் ஈடுபட்டுள்ளது.

மாணவர்களே, இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'வெயில்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒளியும் வெப்பமும் ஒன்றாகிவிடும். பலகைக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்கு எதிரி. "வெயில் சூடாக இருப்பதால் நிறைய மின்சாரம் கிடைக்கும்" என்று எழுதினால் கருத்துப் பிழை. "ஒளி கூடினால் மின்சாரம் கூடும், சூடு கூடினால் குறையும். அதனால் தண்ணீர்மேல் மிதக்கும் பலகைகளுக்குக் குளிர்ச்சி உதவுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். தேர்வாளர் அடுத்த கேள்வி கேட்பார், உரையாடலும் தொடரும்.

ஆசிரியர்கள் கலைச்சொல்லைப் பற்றிக் கேட்கலாம். 'செயற்கைச் சூரியன்' என்று எழுதாதீர்கள். அணுக்கரு இணைவு உலைகளைச் செய்திகளில் அப்படித்தான் அழைக்கிறார்கள். 'போலி' என்றால் ஏமாற்று என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனா இலக்கணத்தில் போலி அப்படியா? பந்தல் பந்தர் ஆகிறது, ஐந்து அஞ்சு ஆகிறது. எழுத்து மாறியும் பொருள் மாறவில்லை. இந்த விளக்கும் சூரியனின் இடத்தில் நின்று அதே வேலையைச் செய்வதுதானே? போலி நடத்தும் அன்றைக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். எழுத்துத் தேர்வுக்கு மட்டும் 'கதிரொளி ஒப்புருவி' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அது என்ன என்று விளக்கிவிடச் சொல்லுங்கள்.