பால் கொடுக்கிறவளுக்கு ஒரு நாற்காலி

அக்கா மகளுக்குப் பிரசவமாகி ஒன்பதாம் நாள் மன்னார்குடிக்குப் போயிருந்தேன். கூடம் நிறைய ஆட்கள். சுவரோரமாகப் பரிசுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். உறை பிரிக்காத ஏழு ஜோடிக் குழந்தைத் துணி, இரண்டு கொசுவலைக் குடை, கிலுகிலுப்பை, ஒரு வாக்கர், மூன்று பால் புட்டி. எல்லாம் குழந்தைக்கு வந்தவை. பெற்றவள் உள் அறையில் இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கால் தரையில் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. தோளைக் குறுக்கி, குனிந்து, மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சித்தி, கழுத்து ஒடிஞ்சி விழுந்துடும்போல இருக்கு" என்றாள்.

முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தவள் நான். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில் போனது. இந்தக் குனிந்த முதுகை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு, "பிரசவமான பொண்ணுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அவள் உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு நல்ல நாற்காலி வாங்கிக் கொடுங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தாலும் நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகிறது. தையல் மிஷினில் ஆறு மணி நேரம் உட்காருகிறவள் ஸ்டூல் சரியில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுவாள். பிள்ளை பெற்றவள் சொல்வதில்லை. வலியெல்லாம் பிரசவத்தோடு வந்தது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்கிறாள்.

வலி அவளோடு நின்றுவிடுவதும் இல்லை. தாய் குனியக் குனியக் குழந்தையின் வாய் காம்பின் நுனியிலேயே நின்றுவிடுகிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போனால்தான் பால் சரியாக இறங்கும். நுனியை மட்டும் சப்பினால் காம்பு வெடிக்கும். வெடித்த காம்பில் குழந்தையை வைக்கப் பயந்து தாய் நேரத்தைத் தள்ளிப்போடுவாள். உள்ளே பால் கட்டிக்கொள்ளும். பிறகு காய்ச்சல். "பால் பத்தல" என்று வீட்டில் யாரோ சொல்ல, பவுடர் டப்பா வந்து சேரும். இப்படித் தொடங்கிய பல கதைகளின் முதல் பக்கத்தில், சாய முதுகும் ஊன்றக் காலும் இல்லாத ஓர் இருக்கையைப் பார்த்திருக்கிறேன்.

"எங்க அம்மா அஞ்சு பிள்ளைக்கும் தரையில உக்காந்துதான் பால் கொடுத்தா, நாற்காலி எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த அம்மா எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பாயை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை நீட்டி, ஒரு முழங்காலை மடித்து உயர்த்தி, அதன்மேல் கையைத் தாங்கிக் குழந்தையை ஏந்தியிருப்பாள். முதுகு, கால், கை மூன்றுக்கும் தாங்கல் இருந்தது. இன்றும் தரையில் வசதியாக உட்கார்ந்து எழ முடிகிறவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. வயிற்றில் தையலோடு தரையில் உட்கார்ந்து எழுவது சில வாரங்களுக்கு முடியாத காரியம். தரையை விட்டுக் கட்டிலுக்கு ஏறினோம். கட்டில் படுக்கச் செய்தது, உட்கார அல்ல.

பாலூட்டுவதற்கென்றே நாற்காலி செய்த ஊர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு இருக்கை உயரம் 13, 14 அங்குலம்தான் வைத்தார்கள். கை வைக்கும் சட்டம் பெரும்பாலும் இருக்காது. ஏன் அவ்வளவு தாழ்வு என்றால், பாதம் தரையில் பதிந்து முழங்கால் சற்று மேலே எழும்பும்போது மடி தொட்டில்போல் ஆகி, குழந்தை தானாக மார்புப் பக்கம் சரியும். நம் பாட்டி தரையில் முழங்காலை மடித்து வைத்ததும் இதற்காகத்தான்.

இப்போது நாம் கடையில் வாங்கும் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் பெரும்பாலும் 18 அங்குல உயரம். ஐந்தடி, ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள நம் பெண்ணுக்கு அதில் குதிகால் தரையைத் தொடாது. நுனிக்காலை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் மூன்று கிலோ பாரத்தை ஏந்திப் பாருங்கள், தெரியும்.

அதனால் அக்கா மகளிடம் நான் முதலில் கேட்டது இஞ்ச் டேப். அவளைக் கட்டில் ஓரத்தில் நேராக உட்கார வைத்து, முட்டிக்குப் பின்னால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தேன். பதினாறுக்குக் கால் அங்குலம் குறைவு. நாற்காலியின் உயரம் இதுதான். அடுத்து, முதுகிலிருந்து முட்டி மடிப்பு வரை அளந்து அதில் இரண்டு அங்குலம் கழித்தால் இருக்கையின் ஆழம். ஆழம் அதிகமானால் முதுகு சாயும் இடத்தை எட்டாது. சோபாவில் நடப்பது அதுதான். பின்னால் சாய்ந்தால் கால் தொங்கும், காலை ஊன்றினால் முதுகு அந்தரத்தில் நிற்கும்.

அக்கா வீட்டுப் பரணில் எங்கள் அப்பாவின் தேக்கு நாற்காலி கிடந்தது. பிரம்புப் பின்னல் கிழிந்திருந்தது. சட்டமெல்லாம் கல் மாதிரி. உயரம் பதினெட்டரை அங்குலம். மர ஆசாரியை வரச் சொல்லி, பதினாறுக்கு அறுத்துவிடும்படி சொன்னேன். அவர் ரம்பத்தைக் கையிலெடுக்கவில்லை. "மேல மெத்தை போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். இரண்டு அங்குல கெட்டி ஃபோம் போடுவதாக இருந்தேன். "உக்காந்தா அது ஒரு அங்குலமாவது நிக்கும். மரத்தைப் பதினஞ்சுக்கு அறுக்கணும். பின்னங்காலை மட்டும் ஒரு நூல் கூட எடுக்கறேன், லேசா சாஞ்சாப்ல இருக்கும்" என்றார். அந்த லேசான சாய்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தோள் தானாகத் தளர்ந்து பின்னால் போய்விடுகிறது. நாலு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டி, இருக்கையை ஒயரில் பின்னி, மெத்தை தைத்து முடித்ததற்கு மொத்தம் 2,300 ரூபாய் ஆனது. வந்திருந்த வாக்கரும் கொசுவலைக் குடைகளும் சேர்ந்தால் அதைவிட அதிகம் இருக்கும்.

கைச்சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் யாரும் பார்ப்பதில்லை என்பதால். தோளைத் தூக்காமல் முழங்கை இயல்பாகப் போய்ப் படியும் உயரத்தில் அது இருக்க வேண்டும். பெரும்பாலான நம் பெண்களுக்கு இருக்கையிலிருந்து எட்டு, எட்டரை அங்குலம். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே இருபது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் குழந்தையின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் இடிக்கும். அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் தையலில் பாரம் படாமலிருக்கக் குழந்தையைக் கக்கத்தில் இடுக்கினாற்போல், அதன் கால் தன் முதுகுப்பக்கம் போகுமாறு பிடித்துப் பால் கொடுப்பார்கள். அதற்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும். எழும்போது ஊன்றிக்கொள்ளத்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகு. 2009-ல் என் தம்பி மருமகளுக்கு ஆசையாக ஒரு பெரிய மெத்தை நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அவளுக்கு அறுவைச் சிகிச்சை. பால் கொடுத்து முடித்ததும் எழ முடியாமல், யாராவது வந்து கையைப் பிடித்துத் தூக்கும் வரை காத்திருப்பாளாம். இரவில் யாரை எழுப்புவது என்று கட்டிலுக்கே திரும்பிவிட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிடும் என்று ஆறு மாதம் சொல்லவேயில்லை.

அறுவைச் சிகிச்சை ஆனவளுக்கு இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் எழுவது சிரமம், உயரமாக இருந்தால் குழந்தை மார்புக்கு வராது. இதற்கு நான் சொல்லும் வழி, நாற்காலியை அவள் முட்டி அளவுக்கோ அரை அங்குலம் கூடுதலாகவோ வைத்துக்கொண்டு, காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை போடுவது. பால் கொடுக்கும்போது பாதம் பலகைமேல் இருக்கும், முழங்கால் எழும்பும். முடிந்ததும் காலால் பலகையைத் தள்ளிவிட்டுத் தரையில் ஊன்றி எழலாம். கல்யாணத்தில் உட்கார்ந்த மணைப்பலகை எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். மடியில் ஒரு கெட்டித் தலையணையையும் வைத்துக்கொண்டால் குழந்தை மார்புக்கு வரும், மார்பு குழந்தையிடம் போக வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்கு ஒரு துணிப்பையில் மூன்று கிலோ அரிசியைக் கட்டி எடுத்துப் போங்கள். பையைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு இருபது நிமிடம் உட்காருங்கள். பிறகு ஒரு கையால் அதை அணைத்தபடி மறு கையை மட்டும் ஊன்றி எழுந்து பாருங்கள். எழ முடியாவிட்டால் அந்த நாற்காலி வேண்டாம். ரெக்ஸின் உறை வேண்டவே வேண்டாம், நம் சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துவைக்கிற மாதிரி தடித்த பருத்தி உறை இரண்டு வேண்டும். அடர் நிறமாக எடுங்கள், எண்ணெய்க் குளியலும் மஞ்சளும் குழந்தை கக்கும் பாலும் அதில்தான் படியும். ஈஸி சேர் கூடாது, அதில் முதுகு வளைந்துவிடும். ஆடும் நாற்காலி அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த நல்லதுதான். ஆனால் அசையாமல் பூட்டி நிறுத்த வசதி இருக்க வேண்டும், மூத்த பிள்ளை இருக்கிற வீட்டில் அதன் விரல் கீழே மாட்டும்.

எடையும் முக்கியம். முதல் பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போவாள். நாற்காலியும் அவளோடு போக வேண்டும். மோட்டார் வைத்த பெரிய சாய்வு சோபாக்களை வாங்கித் தாய் வீட்டுக் கூடத்தில் விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தூக்கி வேனில் ஏற்றுகிற நாற்காலியே போதும்.

பக்கத்தில் ஒரு முக்காலியும் அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் இருக்கட்டும். குழந்தை வாய் வைத்த ஒரு நிமிடத்தில் தாய்க்கு நா வறளும். "தண்ணி குடிச்சா வயிறு தொங்கிடும்" என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

நாற்காலி கொடுக்கும்போது இதையும் அவளிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். இரவில் கண் சொக்கினால் நாற்காலியில் உட்காராதே. குழந்தையை மார்பில் வைத்தபடி நாற்காலியிலோ சோபாவிலோ தூங்கிப்போவது மிக ஆபத்து. இடுக்கில் சரிந்து மூக்கு அடைபட்டுக் குழந்தை மூச்சுத் திணறிவிடும். தூக்கம் தாங்கவில்லை என்றால் குழந்தையை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவிடு, இல்லையென்றால் கெட்டியான சமப் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடு, தலையணையையும் போர்வையையும் தள்ளி வை. வார்டில் ஒவ்வொரு தாய்க்கும் இதைச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினேன்.

பால் புட்டியைப் பரிசாகத் தருகிறவர்களிடம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. பால் புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. கம்பெனி செய்யக் கூடாததை உறவுக்காரர்கள் பரிசுத்தாள் சுற்றிச் செய்கிறோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு வேறு உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தபோது நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஊருக்கு நடுவே அவள் உட்கார ஓர் இடம் கிடைத்தது. வீட்டுக்குள் அவளுக்கென்று ஓர் இடம் செய்து கொடுப்பது நம் பொறுப்பு.

பிறக்காத குழந்தைக்கு முன்கூட்டி எதுவும் வாங்கக் கூடாது என்று பல குடும்பங்களில் பார்ப்பார்கள். நாற்காலி தாய்க்கு வாங்குவது. அதனால் வளைகாப்புக்கே கொடுக்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். அலுவலகத் தோழிகள் பணம் சேர்த்து மோதிரம் போடுவதற்குப் பதில் இதைச் செய்யலாம்.

மன்னார்குடியில் நாற்காலி வந்து நான்காம் நாள் அக்கா மகளின் கழுத்து வலி குறைந்தது. காம்புப் புண் ஆற இன்னும் ஒரு வாரம் ஆனது. குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்து பிடிக்கும்படி கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தேன். நாற்காலி மட்டும் அதைச் செய்துவிடாது. மார்பில் கட்டியோ காய்ச்சலோ இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த மாதம் வளைகாப்பு இருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போங்கள். முட்டி மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.