பளிங்கு என்று எழுதிய பெட்டிகள்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தும்போது, ஆண்டுகளையும் நாடுகளின் பெயர்களையும் மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நாஜிகள் ஐரோப்பா முழுவதும் ஓவியங்களையும் சிலைகளையும் வண்டி வண்டியாகக் கொள்ளையடித்தார்கள் என்பது மட்டும் அவர்களுக்குப் புதிய செய்தி. அதைச் சொல்ல, 2014இல் ஜார்ஜ் குளூனி இயக்கி நடித்த 'தி மான்யுமென்ட்ஸ் மென்' படத்தின் சில காட்சிகளை நான் காட்டுவதுண்டு. கலைப்பொருள்களை மீட்கச் செல்லும் ஒரு சிறு படைக்குழுவின் கதை அது.

படம் முடிந்ததும்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. திரையில் வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். வரலாற்றில் அந்தப் பிரிவில் பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 345 ஆண்களும் பெண்களும் பணியாற்றினர். மைக்கலாஞ்சலோவின் புரூஜ் நகரத்து மாதா சிலையைக் காக்கப் போய் ஓர் அதிகாரி உயிரிழப்பதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அச்சிலையை 1944 செப்டம்பரில் ஜெர்மானியர் மெத்தைகளில் சுற்றிக் கடத்தினர். அங்கே அப்படி யாரும் இறக்கவில்லை. ஆனால் ரொனால்டு பால்ஃபர் என்ற ஆங்கிலேய வரலாற்றறிஞர் 1945 மார்ச்சில் ஜெர்மனியின் கிளீவ் நகரில், தேவாலயப் பொருள்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும்போது குண்டுக்குப் பலியானார். "ஒரு சிலைக்காக உயிரை விடலாமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். படமும் அதைத்தான் கேட்கிறது. நான் பதில் சொல்லவில்லை. வகுப்பே இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடியது.

ஆஸ்திரியாவின் ஆல்டௌசே உப்புச் சுரங்கம் இன்னும் சுவையானது. அங்கே 6,500க்கும் மேற்பட்ட ஓவியங்கள் பதுக்கப்பட்டிருந்தன. போர் முடியும் தறுவாயில், அப்பகுதியின் நாஜித் தலைவர் ஐக்ரூபர் எட்டுப் பெட்டிகளை உள்ளே அனுப்பினார். வெளியே 'கவனம், பளிங்கு' என்று எழுத்து. உள்ளே ஒவ்வொன்றிலும் 500 கிலோ வெடிகுண்டு! அவற்றை வெளியே தூக்கிச் சென்றவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களே. அமெரிக்கப் படை வந்துசேரும் முன்பே, 1945 மே மாதத் தொடக்கத்தில், அந்த வேலை முடிந்துவிட்டது.

என்னைக் கேட்டால், படம் குறைத்துக் காட்டியது ரோஸ் வலாண்டைத்தான். (படத்தில் கிளேர் என்ற பெயரில் கேட் பிளான்செட் நடித்திருக்கிறார்.) பாரிசின் ஜூ த போம் அருங்காட்சியகத்தில் நாஜிகள் கொள்ளைப் பொருள்களைக் குவித்துப் பங்கிட்டபோது அங்கே வேலை பார்த்தவர் அவர். ஜெர்மன் மொழி தெரியாதவர்போல் நடித்து, எந்த ஓவியம் யாருடையது, எங்கே போகிறது என்று நான்கு ஆண்டுகள் இரகசியமாகக் குறித்துவைத்தார். பிடிபட்டிருந்தால் மரணம். போருக்குப் பின் ஆயிரக்கணக்கான பொருள்கள் வீடு திரும்ப அந்தக் குறிப்புகள்தான் வழிகாட்டின.

1944 ஆகஸ்டில் 148 பெட்டிகளுடன் கிளம்பவிருந்த ஒரு ரயிலைப் பற்றியும் அவர் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்குத் தகவல் தந்தார். 1964இல் வந்த 'தி டிரெயின்' படத்தில் இதற்காக எஞ்சின்கள் மோதிச் சிதறுகின்றன. நிஜத்தில் அந்த ரயில் பாரிசின் புறநகரைத் தாண்டவே இல்லை. ரயில்வே ஊழியர்கள் ஏதேதோ காரணம் காட்டி இழுத்தடித்தார்கள். கடைசியில் அதைக் கைப்பற்றிய பிரெஞ்சு வீரர்களின் தலைவர் அலெக்சாண்டர் ரோசன்பெர்க், ஓவிய வணிகர் பால் ரோசன்பெர்க்கின் மகன். பெட்டிகளைத் திறந்து பார்த்தால், தன் வீட்டுச் சுவரில் தொங்கிய ஓவியங்கள் அவற்றுள் இருந்தன.