நாட்பட்ட வயிற்றுப்போக்கு: உடல் காட்டும் குறிகள்

வயிற்றுப்போக்கு என்றவுடன் மலப் பரிசோதனையை நினைப்பது வழக்கம். மலத்தைச் சோதிக்குமுன் மனிதனைச் சோதித்தல் வேண்டும் என்பது மருத்துவத்தின் பழைய நெறி. பெரியவர்களுக்கு 4 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் போக்கினை நாட்பட்டது என்பர். குழந்தைகளுக்கு 14 நாட்கள் நீடித்தாலே அதனைக் கவலைக்குரியதாகக் கொள்ள வேண்டும். கிராணி என்று மக்கள் வழங்கிவரும் இந்நோய்க்குக் காரணங்கள் பல. ஆய்வுக்கூடம் எட்டாத சிற்றூரிலும் கண், கை, தராசு, அளவு நாடா ஆகியவை உண்டு. நோயின் பெயரை இவை எப்போதும் கூறமாட்டா. எவரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும் என்பதைக் கூறும்.

முதற்கண் நோக்க வேண்டியது உடலின் நீர்நிலை. அமைதியின்மை, சோர்வு, குழிந்த கண்கள், மிகுந்த தாகம் ஆகியவை நீர் வற்றியதன் அறிகுறிகள். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்கு வரவேண்டும். மடிப்பு 2 விநாடிகளுக்கு மேல் நின்றால் நீரிழப்பு கடுமையானது. எனினும் இச்சோதனை ஏமாற்றுவதும் உண்டு. மிக மெலிந்த குழந்தைக்கு நீர் வற்றாதபோதும் தோல் மெதுவாகவே மீளும். உடல் வீங்கிய குழந்தைக்கோ நீர் வற்றியிருந்தும் தோல் விரைவில் மீளக்கூடும். ஆகையால் ஒரே குறியை நம்பி முடிவு செய்தல் தகாது.

அடுத்தது எடை. ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதைவிட முந்தைய எடையோடு ஒப்பிடுவதே பயன் தரும். இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரு பாதங்களின் மேற்புறத்தையும் பெருவிரலால் சில விநாடிகள் அழுத்தினால் குழி விழுமாயின், அது புரதக் குறைவினால் நேர்ந்த வீக்கமாக இருக்கலாம். உடலில் தங்கிய நீரே எடையைக் கூட்டிக் காட்டி, மெலிவை மறைத்துவிடும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், அது கடும் ஊட்டக்குறைவாகும்.

பின்னர் முகத்தையும் தோலையும் நோக்குக. வெளுத்த கீழிமை சோகையைக் காட்டும். வழவழப்பாகிச் சிவந்த நாக்கும் வெடித்த கடைவாயும் பி வகை வைட்டமின்களின் குறைவைக் காட்டும். கண்ணின் வெண்பகுதியில் நுரைபோன்ற திட்டுகளும் மாலைக்கண்ணும் வைட்டமின் ஏ குறைவின் அடையாளங்கள். கழுத்திலும் புறங்கைகளிலும் வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து உரியுமாயின், பெல்லாக்ரா நோயை ஐயுறலாம். தக்காணத்தில் சோளமே முதன்மை உணவாக இருந்த மக்களிடம் இந்நோய் காணப்பட்டது. 1960-ஆம் ஆண்டில் ஐதராபாத்து ஊட்டச்சத்து அறிஞர்களான கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் இதனைச் சோளப் புரதத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் பொருளுடன் தொடர்புபடுத்தினர்.

கழுத்தைத் தடவிப் பார்த்தால் நெறிக்கட்டிகளோ வீங்கிய தைராய்டு சுரப்பியோ புலப்படலாம். சுரப்பி வீக்கத்துடன் விரைந்த நாடியும் கைநடுக்கமும் சேர்ந்திருப்பின், போக்கின் காரணம் குடலில் அன்றிச் சுரப்பியிலேயே இருக்கக்கூடும். வயிற்றைத் தொடும்போது நோயாளி முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்தல் நன்று. வலியில்லாத பக்கத்திலிருந்து தொடங்குக. அடிவயிற்றின் வலப்புறத்தில் கட்டி தட்டுப்பட்டு, மாலைக் காய்ச்சலும் மெலிவும் இருந்தால், குடற் காசநோயை நினைத்தல் வேண்டும். முதியவரிடம் இறுகிய மலம் அடைத்துக்கொள்ள, அதன் பக்கவாட்டில் நீர் மட்டும் கசிவதும் உண்டு. மருத்துவர் ஆசனவாயைச் சோதித்தாலன்றி இது வெளிப்படாது; போக்கை நிறுத்தும் மாத்திரை இதற்குக் கேடே செய்யும்.

ஆசிரியர்கள் சிறப்பாக அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. பஞ்சாப், அரியானா, டில்லி முதலிய கோதுமை உண்ணும் பகுதிகளில் சீலியாக் நோய் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. வகுப்பில் உயரம் குன்றி, வயிறு உப்பி, தொடைகள் மெலிந்து, இரும்புச்சத்து மாத்திரை உண்டும் சோகை நீங்காத மாணவனைச் சோம்பேறி என்று கடிந்து ஒதுக்கலாகாது. கோதுமையிலுள்ள குளூட்டன் அவனுக்கு ஒவ்வாததாயிருக்கலாம். ஆனால் இரத்தச் சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோயிருந்தும் சோதனை அதனைக் காட்டாது போகலாம்.

மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், எடை இழப்பு, பாத வீக்கம், வயிற்றுக் கட்டி, உறக்கத்தைக் கலைக்கும் போக்கு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும். உடலில் குறி ஏதும் தென்படாமையால் நோயில்லை என்றும் முடிவு செய்தல் கூடாது. கண்ட குறியையும், எடையையும், தேதியையும் ஒரு தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்தனுப்புக. அடுத்துக் காணும் மருத்துவருக்கு அச்சிறு குறிப்பு பல நாட்களை மிச்சப்படுத்தும். நோயாளிக்கு அந்நாட்களே உயிராகவும் இருத்தல் கூடும்.